பத்து சென்டிமீட்டர் வலி

1

நம் ஊர் சர்ச்சின் பங்குப் பத்திரிகை போன மாத இதழைத் தம்பி மகன் தபாலில் அனுப்பியிருந்தான். வழக்கமாக நான் முதலில் பார்ப்பது மரண அறிவிப்புகளைத்தான். யார் யார் போய்விட்டார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றதெல்லாம். இந்த முறை அதற்கு முன்பே ஒரு கட்டுரை கண்ணில் பட்டுவிட்டது.

பாட்டுப் பாடுவது, கூடை பின்னுவது, படம் வரைவது, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடுவது, இவையெல்லாம் நோயாளிகளின் வலியைப் போக்கும் என்று வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் ஆராய்ந்து நிரூபித்துவிட்டார்களாம். சிங்கப்பூர் மாதிரி முன்னேறிய ஊர்களில் எப்போதோ வந்துவிட்டதாம். நம் மிஷன் ஆஸ்பத்திரியிலும் ஓர் அறையை ஒதுக்கி இதைத் தொடங்க வேண்டுமாம். கட்டுரையின் அடியில், சிங்கப்பூரில் இருக்கிற பங்கு மக்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பலாம் என்று ஒரு வரி வேறு.

சரி, எழுதுகிறேன். ஆனால் படித்ததும் எனக்கு வந்தது பெருமை இல்லை, கோபம். நிரூபித்துவிட்டார்கள் என்று எழுதுவதற்கு ஒரு பேனா போதும். அந்த நிரூபணம் எப்படித் தயாராகிறது என்பதை நான் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தவள். அதற்காக அளந்த முதுகுகளில் ஒன்று என் வீட்டுக்காரருடைய முதுகு.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் லூர்து மேரி. திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்த சவரியப்பனின் மகள். கல்யாணமாகி அறுபதுகளில் கப்பலேறி வந்தேன். சிராங்கூன் ரோட்டில், ஜவுளிக்கடை ஒன்றின் முன்னால் அஞ்சடியில் தையல் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறேன். அஞ்சடி என்றால் இங்கே கடைகளின் முன்னால் கூரைக்குக் கீழே ஓடுகிற நடைபாதை. மழை வந்தால் மொத்த ரோடும் என் மிஷினைச் சுற்றித்தான் நிற்கும்.

2

என் வீட்டுக்காரர் சூசை, ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் ரிக்கராக இருந்தார். கிரேன் தூக்குகிற இரும்புத் தகடுகளுக்குச் சங்கிலி மாட்டி, மேலே ஏறி நின்று கைகாட்டி இறக்குகிற வேலை. எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் சாரம் சறுக்கி விழுந்தார். செத்துப்போகிற உயரம் இல்லை. முதுகெலும்பு வாழ்நாள் முழுக்க ஞாபகம் வைத்துக்கொள்ளப் போதுமான உயரம்.

சில மாதம் படுக்கை. பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பு கூடிவிட்டது என்றார்கள். கூடிவிட்டது என்றால் வலி ஏன் போகவில்லை என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. படத்தில் தெரியாத வலி டாக்டர்களுக்குப் பிடிக்காது. விருந்துக்குக் கூப்பிடாமல் வந்தவனைப் பார்ப்பதுபோல அதைப் பார்ப்பார்கள்.

கம்பெனியில் அவரை லைட் டியூட்டி என்று ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, திருப்பி வாங்கி வைப்பது. உட்கார்ந்து எழுந்தாலும் வலி, நின்றாலும் வலி. காலுறை மாட்டக் குனிய முடியாது. அன்றைக்கு நான் மாட்டிவிட ஆரம்பித்தேன். இப்போது நாங்கள் புக்கிட் பாஞ்சாங்கில் புது வீட்டுக்கு வந்துவிட்டோம், ரயில்கூட ஓட ஆரம்பித்துவிட்டது, இன்று காலையும் நான்தான் மாட்டிவிட்டேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கீழே உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் இருவரும் பேசிக்கொள்வதில்லை.

எங்கள் மகள் ஸ்டெல்லாவுக்கு இந்தக் காட்சி பிடிக்காது. அவள் இப்போது பேங்கில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு தமிழ்ப் பூசைக்கு வருவதை விட்டுவிட்டு ஆங்கிலப் பூசைக்குப் போகிறாள். கேட்டால், "அங்க சாமியார் சுருக்கமா பேசுவாரும்மா" என்கிறாள். கடவுளிடம்கூட இவளுக்குச் சுருக்கம் வேண்டியிருக்கிறது.

3

வகுப்பைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் கோபத்துக்கு வயது அதிகம்.

நீங்கள் அறை ஒதுக்கப்போகிற அதே மிஷன் ஆஸ்பத்திரியில்தான் அப்பா படுத்திருந்தார். எனக்குப் பதினான்கு வயது. வயிற்றுக்குள் ஏதோ. ஐரோப்பாவிலிருந்து வந்த கன்னியாஸ்திரி ஒருவர், மதர் என்போம், அவர்தான் டாக்டர். நல்ல பெண்மணி, உண்மையிலேயே நல்லவர். காலையில் ஒவ்வொரு கட்டிலாக வந்து, பழகிய நாலு தமிழ் வார்த்தையில் எப்படி இருக்கு என்று கேட்பார். வார்டு முழுக்க ஒரே பதில். "நல்லா இருக்கேன் மதர்."

இராத்திரி முழுக்கத் துணியை வாயில் கடித்துக்கொண்டு முனகியவர் என் அப்பா. மதர் வந்ததும் எழுந்து உட்கார முயற்சி செய்து, கைகூப்பி, நல்லா இருக்கேன் என்றார். அம்மா பின்னால் நின்று அழுதாள். மதர் போன பிறகு, ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"அவ்வளவு தூரத்துல இருந்து வந்து நமக்காகப் பாடுபடுறாங்க. நல்லா இல்லைன்னு சொன்னா அவங்க மனசு என்ன ஆகும்?"

மூன்றாம் நாள் போய்விட்டார். கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் முந்தின நாள் வரைக்கும் தேறி வருகிறார் என்றுதான் எழுதியிருந்ததாம். கம்பவுண்டர் வாசித்துச் சொன்னார்.

நம் ஜனங்களின் குணம் இது. சாப்பிட்ட வீட்டில் உப்பு குறைச்சல் என்று சொல்லமாட்டோம். நமக்காக மெனக்கெட்டவர் முகத்தைப் பார்த்து, உன் மெனக்கெடல் வீண் என்று சொல்ல நமக்கு நாக்கு வராது. இதை மரியாதை என்று மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அப்பாவைக் கொன்ற பழக்கமாகத்தான் தெரிந்தது.

4

எண்பதுகளின் தொடக்கத்தில், என் வீட்டுக்காரருக்கு மாத்திரை மாற்றி மாற்றி அலுத்துப்போன ஆஸ்பத்திரியில் ஒரு புது வகுப்பு தொடங்கினார்கள். பெரிய ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். வியாழக்கிழமை தோறும் மதியம் இரண்டு மணிக்கு, பின்பக்கத்துப் பழைய வார்டில். தீராத வலி உள்ளவர்கள் பெயரையெல்லாம் எழுதிச் சீட்டுக் குலுக்கி, பாதிப் பேரை வகுப்பில் சேர்த்தார்கள். மீதிப் பேர் பழையபடி மாத்திரை. இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். திருவிழாக் கடையில் பொம்மைக்குச் சீட்டு இழுப்பதுபோல மனுஷனுக்குச் சீட்டு இழுத்தார்கள் என்று நான் கடையில் எல்லாரிடமும் சொல்லித் திட்டினேன். சூசையின் பெயர் வகுப்புக்கு விழுந்தது.

நடத்தியது மிஸ் கோ என்ற சீனப் பெண். முப்பது வயது இருக்கும். ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு வந்தவள். முதல் அரைமணி பிரம்புக்கூடை, வர்ணம், களிமண் என்று ஏதாவது கைவேலை. பிறகு பாயில் படுத்துக் கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி. கடைசியில் பாட்டு. மலாய்க்காரர் ஒருவர் பாடுவார், சீனக் கிழவி ஒருத்தி பாடுவாள், என் வீட்டுக்காரரும் பாடுவாராம். இரும்பு தூக்கிய கைக்குக் கூடை பின்னக் கொடுக்கிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. மாத்திரை தர வக்கில்லை, பாலர் பள்ளி நடத்துகிறார்கள் என்றேன்.

எல்லாம் முடிந்ததும் ஆளுக்கோர் அட்டை. அதில் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. நான்கு மொழியிலும் அச்சடித்திருந்தார்கள். தமிழில் இப்படி இருந்தது: தங்களுடைய நோவின் அளவைக் கீழ்க்காணும் கோட்டின் மீது குறிப்பிடுக. இடது முனையில் நோவின்மை. வலது முனையில் தாங்கொணா நோவு. எங்கள் வீட்டில் யாராவது இப்படிப் பேசினால் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்போம். நோயாளி பென்சிலால் கோட்டின் குறுக்கே ஒரு சின்னக் கீறல் போட வேண்டும். மிஸ் கோ அதை ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்வாள்.

ஒரு மனுஷன் படுகிற வலிக்கு இவர்கள் கொடுத்த இடம் அவ்வளவுதான். ரவிக்கைக் கைக்குப் பட்டி வைக்கக்கூட அந்த நீளம் போதாது.

5

மூன்று மாதம் போனது. ஒருநாள் கம்பெனியிலிருந்து தபாலில் ஒரு கடிதம். ஸ்டெல்லாவுக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் உடை மாற்றாமல் நின்றபடியே வாசித்தாள்.

"அப்பாவோட வலி நல்லா குறைஞ்சிருக்காம். ஆஸ்பத்திரி ஃபைல்ல அப்படித்தான் இருக்காம். அதனால லைட் டியூட்டி வேண்டாம், பழைய வேலைக்கே அனுப்பலாம்னு சொல்றாங்க. மெடிக்கல் போர்டுக்கு வரணுமாம்."

"பழைய வேலைன்னா?"

"ரிக்கர் வேலைதான் லா."

ஸ்டோரில் உட்கார்ந்து எழவே சுவரைப் பிடிக்கிற மனுஷனை மறுபடியும் சாரத்தின் மேல் ஏற்றப் போகிறார்கள். அங்கே முதுகு ஒரு நொடி பிடித்துக்கொண்டால் தகடு கீழே நிற்பவன் மேல் விழும், இல்லையென்றால் இவர் விழுவார். முதல் தடவை விழுந்ததற்கு இந்த முதுகு. இரண்டாவது தடவைக்கு என்ன மிச்சம் இருக்கும்?

வலி குறைந்துவிட்டது என்று யார் சொன்னது? அதைத் தெரிந்துகொள்ள, அடுத்த வியாழக்கிழமை மிஷினை மூடிவிட்டு அவருக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

6

பழைய வார்டின் ஜன்னல் தாழ்வானது. வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். பாட்டு நடந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து தொடையில் தாளம் போட்டபடி பாடினார். அந்த மலாய்க்காரர் ஏதோ சொல்ல, இவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். வீட்டில் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. எனக்கு அதில்கூட ஆத்திரம்தான் வந்தது.

பிறகு அட்டை வந்தது. மிஸ் கோ அவர் பக்கத்திலேயே நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி. அவர் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, இடது முனைக்குப் பக்கத்தில், ஒரு விரல் அகலம்கூடத் தள்ளாமல், கீறல் போட்டார். அவள் முகம் மலர்ந்தது.

நான் அவருக்குப் பின்னாலேயே பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பஸ் படியில் ஏறக் கம்பியைப் பிடித்தார், ஒரு கால் வைத்தார், அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். கழுத்தில் நரம்பு புடைத்து வியர்வை ஓடியது. நான் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தேன். அப்போதுதான் நான் வந்திருப்பது தெரிந்தது அவருக்கு.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். மிஷன் ஆஸ்பத்திரி வார்டு அப்படியே கப்பலேறி இங்கே வந்திருக்கிறது. கைகூப்புவதற்குப் பதில் பென்சில்.

"அந்தப் பொண்ணு மனசு நோகக்கூடாதுன்னுதானே அங்க கோடு போட்டீங்க?" என்று பஸ்ஸிலேயே கேட்டேன்.

"விடு லூர்து."

"எப்படி விடுறது? உங்களைத் திரும்ப மேல ஏத்தப்போறாங்க."

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்குறாங்க."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்குத்தான் பதில் தெரியுமே.

7

மறுநாளே ஸ்டெல்லாவை இழுத்துக்கொண்டு மிஸ் கோவைப் பார்க்கப் போனேன். எனக்கும் மிஸ் கோவுக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய்தான். அதை வைத்துக்கொண்டு மீன் வாங்கலாம், நியாயம் கேட்க முடியாது. அதனால் மகள் வேண்டியிருந்தது. வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு அந்த கிளாஸ் பிடிக்கும். தர்ஸ்டே மட்டும்தான் வீட்டுக்கு வந்து குளிக்கிறப்ப பாடுறாரு. நீங்க நோட்டிஸ் பண்ணலையா?"

"குளிக்கிறப்ப எல்லாரும்தான் பாடுவாங்க. நீ வாயை மூடிட்டு வா."

மிஸ் கோ எங்களை உட்காரச் சொல்லி மைலோ கலக்கிக் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை. குடித்துவிட்டால் திட்ட முடியாது, அது எனக்குத் தெரியும். நான் பத்து வாக்கியம் பேசினால் ஸ்டெல்லா ஒன்றாகச் சுருக்குவாள். அந்த ஒன்றுக்கே மிஸ் கோவின் முகம் வெளுத்துக்கொண்டு வந்தது.

"உன் அட்டை பொய்ன்னு சொல்லு. என் வீட்டுக்காரர் உனக்காகப் போட்ட கோடு அது. எங்க ஆளுங்க யாரும் வாத்தியார் மூஞ்சியப் பாத்து உன் பாடம் சரியில்லைன்னு சொல்ல மாட்டாங்க. இங்க இருக்குற அத்தனை தமிழாளும் அப்படித்தான் போட்டிருப்பாங்க. அதை நம்பி ஒரு மனுஷனை மேல ஏத்திக் கொல்லப் பாக்குறீங்க."

மிஸ் கோ ஸ்டெல்லாவிடம் ஏதோ கேட்டாள்.

"அப்பாவே அப்படிச் சொன்னாரான்னு கேக்குறாங்க."

"நான் சொல்றேன்ல. இருபது வருஷமா குடும்பம் நடத்துறவ நான்."

அவள் நோட்டை எடுத்து நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். வாதாடவில்லை. அட்டையை ஃபைலில் சேர்த்தது வேலைக்கு அனுப்புவதற்காக இல்லை, போர்டு அதை அப்படி எடுத்துக்கொள்ளும் என்று தனக்குத் தெரியாது என்றாள். நீங்கள் சொன்னதைப் போர்டுக்கு எழுதுகிறேன், ஆனால் அவரும் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றாள். வாசல்வரை வந்து எங்களை வழியனுப்பினாள். சண்டைக்கு வந்தவளிடம் சண்டை போடாதவளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் அதிகமாகும்.

8

போர்டில் மூன்று டாக்டர்கள். தமிழ் தெரிந்த ஆள் அன்று லீவாம். அதனால் மறுபடியும் ஸ்டெல்லாதான், பள்ளிக்கூட உடுப்போடு. நடுவில் இருந்த டாக்டர் ஒரு கையில் மிஸ் கோவின் கடிதமும் இன்னொரு கையில் அட்டைகளும் வைத்திருந்தார். கேள்வி ஒன்றுதான்.

"அப்பா, கார்டுல நீங்க போட்டது ட்ரூவா, இல்ல அம்மா சொல்றது ட்ரூவான்னு கேக்குறாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி, சொல்லுங்க என்று தலையாட்டினேன். ஸ்டெல்லாவைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்துச் சொன்னார்.

"அம்மா சொல்றதுதான் சரி. அந்தப் புள்ள மனசு நோகக்கூடாதுன்னு போட்டேன்."

டாக்டர் இன்னொரு தடவை கேட்கச் சொன்னார்.

"அப்போ பொய்யாத்தான் போட்டீங்களா, அப்பா?"

"ஆமா."

பேனா ஓடியது. நிரந்தரமாக லைட் டியூட்டி. இனிமேல் சாரம் ஏற வேண்டாம். வெளியே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்குச் செய்ய முடியாததை இவருக்குச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். சிராங்கூன் ரோட்டில் இறங்கி மூன்று பேருக்கும் பிரியாணி வாங்கினேன். அவர் பாதியில் எழுந்துவிட்டார். நான் அதை வலி என்று எடுத்துக்கொண்டேன்.

மிஸ் கோ நேர்மையான பெண். தமிழர்களின் அட்டைகளை எல்லாம் கணக்கில் சேர்க்காமல் அவளே தனியாக எடுத்து வைத்துவிட்டாள். பிறகு மற்றவர்களையும் விசாரித்தாளாம். மலாய்க்காரரும் சீனக் கிழவியும்கூட, டீச்சருக்காகக் கொஞ்சம் குறைத்துத்தான் போட்டோம் என்று சொன்னார்களாம். அதன் பிறகு எந்த அட்டையையும் நம்ப முடியாது என்று மேலே இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். இந்த வகுப்பால் பயன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை என்று முடிவாயிற்று. அடுத்த மாதம் அந்த அறையில் பழைய ஃபைல்களைக் கொண்டுபோய் அடுக்கினார்கள். மிஸ் கோ வேறு எங்கோ வேலைக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் ஒருநாள் வராந்தாவில் ஸ்டெல்லாவைப் பார்த்து, உன் அம்மா சொன்னது சரி, நான் பக்கத்தில் நின்றிருக்கக் கூடாது, வேறு ஆளை விட்டு, வேறு நேரத்தில், வீட்டில் வைத்தும் கேட்டிருக்க வேண்டும் என்றாளாம். திருத்தி மறுபடி நடத்த அவளுக்கு யாரும் அவகாசம் கொடுக்கவில்லை.

நான் வருத்தப்பட்டேனா என்றால், இல்லை. கடையில் வருகிறவர்களிடமெல்லாம் ஜெயித்த கதையாகத்தான் சொன்னேன்.

9

இத்தனை வருஷம் கழித்து உங்கள் பத்திரிகை வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அவர் எதிரில் உட்கார்ந்து கட்டுரையை உரக்க வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு வசவு சேர்த்துத்தான் வாசித்தேன். முடித்துவிட்டு, இவர்களுக்கு நான் பதில் எழுதப்போகிறேன் என்றேன்.

"என்ன எழுதுவ?"

"நடந்ததை. நீங்க அந்தப் பொண்ணுக்காகப் பொய்க்கோடு போட்டதை."

அவர் செய்தித்தாளை மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

"நான் சரியாத்தான் போட்டேன், லூர்து."

எனக்குப் புரியவில்லை.

"அந்த ரூம்ல, அந்த நேரத்துல, அவ்வளவுதான் வலிச்சது. பாடி முடிச்சு உக்காந்திருக்குறப்ப நெசமாவே இருக்காது. பஸ் ஏறுறப்ப வந்துடும். பஸ்ல எவ்வளவு வலிக்குதுன்னு யாரும் கேக்கல, நான் போடல."

"அப்ப போர்டுல ஏன் பொய்யின்னு சொன்னீங்க?"

"நீ அப்படிச் சொல்லிட்ட. எழுதியும் குடுத்தாச்சு. புள்ளையை நடுவுல நிக்க வச்சுக்கிட்டு, உங்கம்மா சொல்றது தப்புன்னு அந்த டாக்டர் முன்னாடி சொல்லச் சொல்றியா? நீ அவ்வளவு அலைஞ்சிருக்க எனக்காக. திரும்ப மேல ஏத்திடுவாங்கன்னு பயமும் இருந்துச்சு. இல்லைன்னு சொல்லல. ரெண்டும்தான்."

"வகுப்பை மூடினப்ப ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லி? ஒரு மணி நேரம்தானே அது." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆனா வாரா வாரம் ஒரு மணி நேரம்."

அன்று பகல் முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணிடம் அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். மனசு நோகக் கூடாது என்று அவர் பொய் சொன்னது எனக்காக. இருபது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவள் என்று மார்தட்டினேனே, எத்தனை மணிக்கு வலிக்கிறது, எப்போது வலிக்கவில்லை என்று ஒருநாளாவது கேட்டேனா என்றால், கேட்கவில்லை. நான் கேள்வியையும் பதிலையும் சேர்த்தே கையில் கொடுத்தேன். அவர் ஆமாம் போட்டார்.

பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரை மீது எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. பாட்டு வலியைப் போக்கிவிடும் என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள், அப்படி ஓர் ஒற்றை வரியைப் படித்துவிட்டுத்தான் ஒருவரைச் சாரத்தில் ஏற்றப் பார்த்தார்கள். அதே நேரம், ஆதாரம் இல்லை என்று ஒற்றை வரியில் எழுதி அறையைப் பூட்டியவர்கள் மீதும் கோபம்தான். ஒரு மணி நேரம் வலி இல்லை என்பதை எழுத அவர்கள் ஃபைலில் இடம் இல்லை. உங்கள் அறையைத் திறப்பதென்றால் திறங்கள். கேட்கிறவர் பாடம் நடத்தியவராக இருக்க வேண்டாம். வகுப்பு முடிந்ததும் கேளுங்கள், பஸ் ஸ்டாப்பில் கேளுங்கள், மறுநாள் காலையில் கேளுங்கள். வீட்டு ஆளை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். முக்கியமாக என்னைப் போன்ற மனைவிமாரை.

சாயங்காலம் நான் பேப்பரும் பேனாவும் எடுத்து வைத்தபோது அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். எழுத வேண்டாம் என்று தடுப்பார் என்று நினைத்தேன்.

"எழுது. ஊர்ல தெரிஞ்சவங்க படிப்பாங்க. நான் பொய் சொன்னேன்னு மட்டும் எழுதாத."

போர்டில் சொன்ன பொய்யை மட்டும் எழுத வேண்டியிருந்தது, அது எனக்காகச் சொன்னது என்பதால். மற்றபடி அவர் போட்ட கோடு சரி. அந்த வகுப்பை மூட வைத்தவள் நான்.